கட்டுக்குள் கை விட்டபோது சூடாக இருந்தது

வயற்காட்டான்:
கலிபோர்னியா, சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு. இங்கே நெல் வைக்கோல்தான். நண்பர் வீட்டுச் சுவரை வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மேலே பூசிக் கட்டுவதாகத் திட்டம். அதற்காக மூன்று கயிறு போட்ட கட்டுகளை இறக்கித் தார்ப்பாய் மூடி வைத்திருந்தோம். வாங்கும்போது நானும் கூட இருந்தேன். பொன்னிறம், தூக்கினால் இடுப்பு பிடிக்கும் கனம். "நல்ல சரக்கு, எடுத்துக்கோங்க" என்று சொன்னது நான்தான்.

சோதிக்க வந்தவர் ஒரு கட்டைத் தராசில் வைத்தார். 36 கிலோ. எனக்குச் சந்தோஷம். அப்புறம் நீளக் குச்சி வைத்த ஈரமானியைக் கட்டின் நடுவரை இறக்கினார். 26 சதவீதம். 20-ஐத் தாண்டக் கூடாது. தண்ணீரைக் கழித்தால் கன மீட்டருக்கு 96 கிலோதான் தேறியது, 104 வேண்டும். நான் மெச்சிய கனம் அத்தனையும் ஈரம்.

கயிற்றுக்கு அடியில் கையை நுழைத்தேன். உள்ளே இளஞ்சூடு. நனைந்த வைக்கோல் போரைப் பிரித்தால் ஆவி எழுமே, அதே சூடு, அதே புளித்த வாடை. போருக்குப் பக்கத்தில் விளையாடி வளர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மரச்சட்டம்:
104-ஐ உலக விதி மாதிரிச் சொல்லாதீர்கள். அது அமெரிக்க வீட்டு விதியில் 2015-இல் சேர்ந்த பின்னிணைப்பு. நான் இருக்கும் ஜெர்மனியில் 85 முதல் 115 வரை. இங்கே கூரைப் பாரத்தை மரச்சட்டம் தாங்கும், வைக்கோல் இடையில் அடைப்பு மட்டும்தான். அப்புறம், உங்கள் 20 சதவீதமும் முதல் பூச்சு போடும் நேரத்துக் கணக்கு. அதற்குள் காய்ந்தால் போதுமே?

எனக்கு நடந்தது வேறு. ஜன்னல் ஓரத்தில் அரைக் கட்டை அவசரமாகத் திணித்தோம். களிமண் பூசும்போது கரணை பொதுக்கென்று உள்ளே போனது. அந்த இடத்தை முழுக்கப் பிரித்தோம்.

சுண்ணாம்பு:
காய்ந்தால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. நடுவில் சூடேறிவிட்டால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒரு சுவரைத் திறந்தபோது கூட இருந்தேன். வெளியே வெறும் சிமெண்ட், அதற்கடியில் பிளாஸ்டிக் தாள். உள்ளே வைக்கோல் கறுத்து, பிழிந்த புகையிலை மாதிரி விரலில் ஒட்டியது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சுவரின் தலையும் காலும் நனையக் கூடாது. கூரை போட்ட பிறகு கட்டை இறக்குங்கள், முதல் வரிசையைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். அமெரிக்க விதிப்படி நூற்றுக்கு ஐந்து கட்டு, குறைந்தது பத்து, ஈரம் பார்க்க வேண்டும். அந்தப் பத்தையும் மேலடுக்கிலிருந்தே உருவாதீர்கள். பூச்சு சுண்ணாம்போ களிமண்ணோ இருக்கட்டும், உள்ளே போன ஈரம் வெளியேற வழி வேண்டும். சிமெண்ட்தான் என்றால் சுண்ணாம்பு கலந்து பூசுங்கள். பிரான்சில் மோன்தார்ஜியில் 1920-இல் கட்டிய வைக்கோல் வீடு இன்றும் நிற்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆர்தர் ஊரின் வைக்கோல் தேவாலயம் 1928. பொருள் மோசமில்லை, ஈரத்தைத்தான் விடக் கூடாது.

வயற்காட்டான்:
மேலடுக்கு என்றீர்களே. அன்று நான் தட்டிப் பார்த்தது மேலடுக்கை மட்டும்தான். அடிக்கட்டுகள் வெறும் மண்ணில் கிடந்தன; பார்த்தும் கேட்காமல் விட்டேன். நண்பர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அடுத்த அறுவடைவரை அவர் வீடு வெறும் சட்டமாக நிற்கும். சொந்தமாக ஈரமானி வாங்கிவிட்டேன். இந்த முறை அடிக்கட்டில் குச்சி இறங்கிய பிறகுதான் லாரியில் ஏற்றுவோம்.