சுவரில் கரும்புள்ளி கண்டால் பிளீச்சை எடுக்காதீர்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து போன ஆகஸ்டில் மான்செஸ்டர் சென்ற தம்பி, படுக்கையறை மூலையில் கரும்புள்ளிகள் படர்ந்த படத்தை அனுப்பி, "பிளீச் போட்டுத் துடைத்தால் போதுமா அண்ணா?" என்று கேட்டிருந்தார். போதாது, தம்பி. உங்களுக்கு மட்டுமல்ல, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து குளிர்நாட்டுக்குக் கிளம்பும் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம்முடையது வறண்ட சீமை. காலையில் கொடியில் போட்ட துணி பத்து மணிக்கெல்லாம் மொடமொடவென்று காய்ந்துவிடும். பூஞ்சணம் என்றால் நிலக்கடலையிலும் புளியிலும் பிடிப்பது என்றுதான் பாலக்கோட்டில் வளர்ந்த எனக்கும் தெரியும். இங்கிலாந்தில் நாங்கள் குடியேறிய முதல் வீட்டில் துணி அலமாரியை நகர்த்திய அன்று, பின்சுவர் ஆளுயரத்துக்குக் கறுத்திருந்தது. வாடகை முகவர் வந்து பார்த்து, "நீங்கள் அதிகம் சமைக்கிறீர்கள், துணியை உள்ளே உலர்த்துகிறீர்கள்" என்றார். ஆள் அனுப்பி பிளீச் அடித்து, மேலே வெள்ளைப் பெயிண்ட் பூசச் செய்தார். ஆறே வாரத்தில் கறுப்பு திரும்பி வந்தது. மகளுக்கு இரவெல்லாம் இருமல். அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

நான் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் படித்தவன். இரண்டாம் முறை பழுதுபார்க்க வந்தவர் சுவரின் உட்புறம் பதித்திருந்த, காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகையைப் பிரித்தபோது, கறுத்த இடத்தில் ஒரு துண்டும், அதே சுவரில் காய்ந்த இடத்தில் ஒரு துண்டும் கேட்டு வாங்கி, தனித்தனியாக அலுமினியத் தாளில் சுற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். காய்ந்த துண்டுதான் முக்கியம். ஒப்பிட அது இல்லையென்றால், வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

ஆய்வகத்தில் முதலில் தேடுவது எர்கோஸ்டெரால். நம் உடலின் செல் சவ்வுக்குக் கொலஸ்டிரால் எப்படியோ, பூஞ்சையின் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் அப்படி. ஜிப்சத்தில் அது இருக்க வழியில்லை. பலகையின் மேல் ஒட்டிய காகிதத்தில் அது மிகுந்திருந்தால் பூஞ்சை வளர்ந்திருக்கிறது என்று பொருள். துண்டைக் காரம் கலந்த மெத்தனாலில் சூடாக்கி, ஹெக்சேனில் பிரித்தெடுத்து, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி கருவியில் அளப்பார்கள். எவ்வளவு பூஞ்சை என்பதை இது சொல்லும். எந்தப் பூஞ்சை என்பதைச் சொல்லாது.

வளர்தட்டில் இட்டு வளர்த்துப் பார்க்கும் பழைய முறையில் உயிருள்ளது மட்டுமே முளைக்கும். பிளீச் அடித்த சுவரிலிருந்து எடுத்தால் தட்டு சுத்தமாக இருக்கக்கூடும். ஆனால் காகிதத்துக்குள் இறங்கிய இழைகள் அங்கேயே கிடக்கும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும். வேதிப் பகுப்பாய்வு செத்ததையும் சேர்த்துக் கணக்கில் எடுக்கும்.

அடுத்து நஞ்சு. அம்மா கடலை உரிக்கும்போது சுருங்கிக் கறுத்த பருப்பைத் தனியே ஒதுக்குவார். "கசந்தால் துப்பிவிடு" என்பார். அதில் பயப்பட வேண்டியது பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு. ஈரச் சுவரில் அடிக்கடி வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் வெர்சிகலர் என்ற பூஞ்சை உண்டாக்கும் ஸ்டெரிக்மாட்டோசிஸ்டின் என்ற நஞ்சு, அஃப்லாடாக்சின் உருவாகும் வழியில் அதற்கு முந்தைய படிகளில் ஒன்று! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. திரவக் குரோமட்டோகிராபியோடு மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியை இணைத்தால் மிக நுண்ணிய அளவில்கூட இதைப் பிடித்துவிடலாம். ஆனால் கடலையைத் தின்பதும் சுவரருகே மூச்சுவிடுவதும் ஒன்றல்ல, பீதி வேண்டாம். கறுப்பாக இருப்பதெல்லாம் நச்சுக் கரும்பூஞ்சை என்று பேர்போன ஸ்டாக்கிபாட்ரிஸும் அல்ல. அதிலும் எல்லா வகையும் சாட்ராடாக்சின் என்ற கொடிய நஞ்சை உண்டாக்குவதில்லை. நிறத்தைப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எங்கள் சுவரின் இரண்டு துண்டுகளுக்கும் எர்கோஸ்டெராலில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சமையல் ஆவிதான் காரணம் என்றால் மற்ற குளிர்ந்த மூலைகளும் கறுத்திருக்க வேண்டுமே என்று வாடகை முகவருக்கு ஆய்வக அறிக்கையோடு எழுதிக் கேட்டேன். பிறகுதான் வெளிப்புறம் ஏறிப் பார்த்தார்கள். மழைநீர்க் குழாய் உடைந்து, ஒவ்வொரு மழைக்கும் சுவர் நீர் குடித்துக்கொண்டிருந்தது. குழாயை மாற்றி, பலகையையும் மாற்றினார்கள்.

அதற்காக ஆவியை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால், சுவர் 12 டிகிரிக்குக் குளிர்ந்ததும் நீர் முத்து கோக்கும். 15 டிகிரியிலேயே பூஞ்சைக்குப் போதுமான ஈரம் சேர்ந்துவிடும். களி கிண்டும்போது மூடி போடுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள், அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரப்பதமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

வாடகை வீட்டுச் சுவரை நீங்களாக அறுக்கவே கூடாது. 2000-க்கு முன் கட்டிய பிரிட்டன் வீடுகளில், தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிளீச்சோடு வினிகரைக் கலப்பதும் ஆபத்து. குளோரின் வாயு வரும்.

பழியை உங்கள் மீது போட்டால் கூச்சப்பட்டு ஒதுங்காதீர்கள். மான்செஸ்டர் அருகே ராச்டேலில் 2 வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டுப் பூஞ்சணத்தில் நெடுநாள் மூச்சுவிட்டதால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் கவனிக்க வேண்டும் என்று சொல்லும், அவன் பெயரிலான சட்டம் 2025 அக்டோபர் முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு (உள்ளாட்சியும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடுபவை) நடைமுறைக்கு வந்திருக்கிறது. தனியார் வாடகை வீடு என்றால், குடியிருக்கத் தகுந்த நிலையில் வீட்டை வைத்திருக்க வேண்டும் என்ற 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டு, தேதியிட்ட படங்களோடு எழுத்தில் புகார் கொடுங்கள்.

ஊத்தங்கரைத் தங்கை ஒருவர், எல்லோரும் பரிசோதிக்க வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம், அம்மா. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணத்துக்குப் பரிசோதனைச் செலவு வீண். நீர் வரும் வழியை அடைக்கச் சொல்லுங்கள், நனைந்த பலகையை மாற்றச் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த அளவைத் தாண்டினால் ஆபத்து என்று எந்த எண்ணையும் சொல்லவில்லை. ஈரத்தைத் தடுக்கத்தான் சொல்கிறது. வாடை வருகிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, அல்லது வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார் என்றால் மட்டும் ஆய்வகத்தை நாடுங்கள். அப்போதும் காய்ந்த இடத்துத் துண்டை மறந்துவிடாதீர்கள்.