‘கர்வ்ஸ்’ போடுவதற்குத் தமிழில் என்ன சொல்? ‘கோடாக்கு’ சரியாக வரும் என்று நினைக்கிறேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

எழுத்தைக் கோடுகளாக மாற்றும் ‘கர்வ்ஸ்’ கட்டளைக்குத் தமிழ்ச்சொல் தேடி மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வளைவாக்கு, புறக்கோடாக்கு, கோட்டுருவாக்கு, வெட்டெழுத்து என்று இதுவரை நான்கு சொல் வந்திருக்கிறது. நான் மதுரையில் சிம்மக்கல் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக டிடிபி, அதாவது கணினியில் அச்சுக்கோக்கும் வேலை பார்க்கிறவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், கும்பாபிஷேக மலர், இதுதான் பிழைப்பு. இந்தக் கட்டளையை ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை அழுத்துகிற கை என்பதால், இதற்குப் பெயர் வைக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

அச்சுத் தொழிலில் இல்லாதவர்களுக்காக முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கோரல்டிரா என்கிற வடிவமைப்பு மென்பொருளில் ஒரு பத்திரிகை அடித்து, அந்தக் கோப்பை அப்படியே ஃப்ளெக்ஸ் அடிக்கிற இடத்துக்கு அனுப்பினால், அங்குள்ள கணினியில் நம் எழுத்துரு இருக்காது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள் தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்திருப்பவை. அதனால் எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்றுதான் வந்து நிற்கும். அதைத் தவிர்க்க, அனுப்புவதற்கு முன்னால் எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் கியூ அழுத்துவோம். அந்த நொடியில் எழுத்து கோடுகளாக மாறிவிடும், எழுத்துரு தேவைப்படாது, எந்தக் கணினியிலும் அதே வடிவம்தான். இதைத்தான் ‘கர்வ்ஸ் போட்டு அனுப்புங்க’ என்கிறோம்.

இதே வேலைக்கு கோரல்காரர் கர்வ்ஸ் (வளைவுகள்) என்கிறார், இல்லஸ்ட்ரேட்டர்காரர் அவுட்லைன் (புறக்கோடு) என்கிறார், இங்க்ஸ்கேப்காரர் பாத் (பாதை) என்கிறார். மூன்று பேரும் தங்கள் மென்பொருளுக்குள் இருந்து பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் அந்த மூன்றில் ஒன்றை எடுத்து மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் என்ன? நடக்கிற வேலையைப் பார்த்து நேராகப் பெயர் வைப்போம்.

> வளைவாக்கு என்பதே எளிது, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். போன வருடம் வேலை பழக வந்த ஒரு பிள்ளையிடம், தமிழில் சொல்வோமே என்று நான் இதைத்தான் சொன்னேன். ‘அந்தப் பேரை வளைவாக்கிடும்மா.’ அவள் மாப்பிள்ளை பெயரை அலங்கார வளைவு மாதிரி அழகாக வளைத்து வைத்திருந்தாள். அவள் மேல் ஒரு தப்பும் கிடையாது. சாமி படத்துக்கு மேலே கோயில் பெயரை வில் மாதிரி போடுவது எங்கள் ஊர் ஃப்ளெக்ஸில் அன்றாட வேலை, ‘ஆர்ச் போடு’ என்போம். அது எழுத்தை ஒரு வளைவின் மேல் ஓட விடுவது, அப்போதும் அது எழுத்தாகவே இருக்கும், திருத்தலாம். இது முற்றிலும் வேறு வேலை. போதாததற்கு, ‘ட’, ‘ப’ இரண்டையும் கர்வ்ஸ் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான எழுத்துருக்களில் அவை நேர்கோடுகள்தான். வளைவே இல்லாததை வளைவாக்கினேன் என்று எப்படிச் சொல்வது?

புறக்கோடு, அதாவது அவுட்லைன், இன்னும் சிக்கல். கோரலில் அவுட்லைன் என்றால் எழுத்தைச் சுற்றி வருகிற விளிம்பு, எஃப்12 அழுத்தினால் வருவது. கடைக்கு வருகிற வாடிக்கையாளர் ‘பேருக்கு வெள்ளையில ஒரு அவுட்லைன் குடுங்க’ என்று கேட்பது அதைத்தான். இல்லஸ்ட்ரேட்டரில் பழகியவரும் கோரலில் பழகியவரும் ஒரே அறையில் உட்கார்ந்து இந்த ஒரு சொல்லால் படுகிற பாட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவர வேண்டாம்.

கோட்டுரு எனக்குப் பிடித்த சொல்தான். எழுத்துரு, கோட்டுரு என்று ஜோடியாக நிற்கும். ஆனால் கணிதத்தில், புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமான அமைப்புக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது, கோட்டுருவியல் என்று ஒரு துறையே அந்தப் பெயரில் இருக்கிறது. அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

வெட்டெழுத்து என்று எழுதிய தம்பிக்கு. உண்மையைச் சொன்னால் முதலில் நான் அதற்குத்தான் கை தூக்கினேன். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோமே, வெட்டிய பிறகு அழிக்க முடியாது, அந்தப் பொருள் இதில் அப்படியே இருக்கிறது. ஆனால் இரண்டு தடை. ஸ்டிக்கர் கடையிலும் அக்ரிலிக் போர்டு கடையிலும் நிஜமாகவே எழுத்தை இயந்திரத்தால் வெட்டுகிறார்கள், அவர்களிடம் போய் வெட்டெழுத்து என்றால் அதைத்தான் நினைப்பார்கள். இரண்டாவது, வட்டெழுத்து என்ற பழைய எழுத்து முறையின் பெயர். ஒத்தக்கடை ஆனைமலையில் நரசிங்கப் பெருமாள் குடைவரைக்குப் போனால் கி.பி. 770-ஐச் சேர்ந்த பாண்டியர் கால வட்டெழுத்துக் கல்வெட்டு இருக்கிறது, எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பழகிய பெயர். ஒரே ஒரு ஒற்றைக்கொம்புதான் வித்தியாசம். மெய்ப்புப் பார்ப்பவர் யாராவது ஒரு நாள் ‘பிழை’ என்று அந்தக் கொம்பை எடுத்துவிடுவார், அது நிச்சயம்.

சரி, என் சொல்: கோடாக்கு. எழுத்தைக் கோடாக்கு. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் கோடாக்கம்.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கட்டளையை அழுத்துகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம், இனிமேல் இது எழுத்து இல்லை என்பது. கர்வ்ஸ், அவுட்லைன், பாத் மூன்றுமே கையில் வருவதைச் சொல்கின்றன, கையை விட்டுப் போவதைச் சொல்லவில்லை. நான் அதற்குக் கொடுத்த விலை பெரிது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கோயில் கும்பாபிஷேக மலர், 180 பக்கம், தல வரலாறு, உபயதாரர் பட்டியல், எல்லாம் நானே அடித்தது. அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் மூலக் கோப்பிலேயே கர்வ்ஸ் போட்டு, அதன் மேலேயே சேமித்து, கோப்பை மூடிவிட்டேன். மூடிய பிறகு அண்டூ ஏது? 12 வருடம் கழித்து அடுத்த கும்பாபிஷேகத்துக்கு அதே கோயில்காரர்கள் வந்து, பழைய மலரில் நாலு பெயர் மாற்றி, பத்துப் பக்கம் சேர்த்துக் கொடுங்கள் என்றார்கள். திறந்தால் எல்லாம் கோடு. ஒரு பெயரைத் தேட முடியாது, ஒரு வரியைப் படியெடுக்க முடியாது. பார்க்கத் தமிழ், கணினிக்கு அது கிறுக்கல். உட்கார்ந்து முழுவதையும் திரும்ப அடித்தேன். அன்றைக்கு அந்த மெனுவில் ‘கோடாக்கு’ என்று இருந்திருந்தால் ஒரு நொடி யோசித்திருப்பேன் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. எழுத்து கோடாகப் போகிறது, அப்படியென்றால் எழுத்தை முதலில் பத்திரப்படுத்து என்று அந்தச் சொல்லே சொல்லுமே.

இன்னொன்று, இந்தக் கட்டளை திரையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கோடாக்கும். யூனிகோடில் ‘கொ’ என்று அடித்தால், கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. பழைய பதிப்புகள் சிலவற்றுக்கு அது தெரியாது, கொம்பு பிரிந்து தனியே நிற்கும். பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளிலும் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இந்தச் சிக்கல் வரும். உடைந்ததைக் கவனிக்காமல் கோடாக்கினால் உடைசல் நிரந்தரம். ஆகவே, கோடாக்கும் முன் கொம்பையும் காலையும் ஒரு தடவை பாருங்கள்.

வளைவுப் பொருள் போய்விடுகிறதே என்று அக்கா ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். போகவில்லை அக்கா. கோடுதல் என்றாலே பழந்தமிழில் வளைதல்தான். குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தில் ‘ஒருபால் கோடாமை’ என்று வருவது ஒரு பக்கமாகச் சாயாமல், வளையாமல் இருப்பது. கொடுங்கோல் என்பதும் வளைந்த கோல். நேர்கோட்டுக்கும் வளைவுக்கும் பொதுவாக ஒரே சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, ‘ட’வுக்கும் பொருந்தும், ‘ஜ’வுக்கும் பொருந்தும். இதைக் கண்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்றும் தெரியும். யூனிகோடு என்பதில் கோடு இருக்கிறது, நிரல் எழுதும் பிள்ளைகள் நிரலையே கோடு என்கிறார்கள், கோடாக்கு என்றால் யூனிகோடுக்கு மாற்றுவது என்று நினைத்துவிட மாட்டார்களா? இது நியாயமான தடை, நான் மறுக்கவில்லை. ஆனால் அச்சகத்தில் யாரும் யூனிகோடைச் சுருக்கி வெறும் கோடு என்று சொல்லி நான் கேட்டதில்லை, ‘யூனிகோடுக்கு மாத்து’ என்று முழுசாகத்தான் சொல்கிறார்கள். நாமும் குழுவில் யூனிகோடை ஒருங்குறி என்றும் நிரலை நிரல் என்றும் எழுதிப் பழகிவிட்டோம். அதுவும் போக, கோப்பை அனுப்பும் நேரத்தில் போனில் ‘எல்லாம் கோடாக்கியாச்சா?’ என்று கேட்டால் வேறு எதை நினைப்பார்கள்? போன வாரம் எனக்குத் தெரிந்த இரண்டு ஃப்ளெக்ஸ் கடைகளில் விளக்கம் எதுவும் சொல்லாமல் இப்படியே கேட்டுப் பார்த்தேன். ஒருவர் உடனே ‘கர்வ்ஸ் தானே? போட்டாச்சு’ என்றார். இன்னொருவர் ‘என்ன கோடு?’ என்று கேட்டார், ‘எழுத்தை’ என்றேன், ‘ஓ, ஆச்சு’ என்றார்.

கோடாக்காத எழுத்துக்கு ‘உயிருள்ள எழுத்து’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நாளாவட்டத்தில் அது உயிரெழுத்து என்று சுருங்கி அ, ஆ, இ, ஈயோடு மோதும். அதற்குத் தனிப்பெயரே வேண்டாம், எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்.

இங்க்ஸ்கேப் மெனு மொழிபெயர்ப்பில் கை வைத்திருக்கும் நண்பர்கள், வேறு தடை எதுவும் வராவிட்டால் ‘பொருளைக் கோடாக்கு’ என்று போட்டுப் பார்த்து, திரைப்பிடிப்பு ஒன்று அனுப்புங்கள். கடையில் பிள்ளைகளிடம் காட்டி, எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
சிம்மக்கல்லில் இருந்து