பாத்திரம் நம்மைப் பார்த்துப் பேசினால் சுவை கூடுமா, குறையுமா?

கேள்வி – குடியாத்தம் வாசகர்:
நண்பர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் வீட்டில் ஒரு வெப் தொடர் பார்த்தோம். கதாநாயகன் காட்சிக்குக் காட்சி கேமராவின் பக்கம் திரும்பி, தான் செய்யப்போகும் சூழ்ச்சியை நமக்கு விளக்குகிறான். என் மகள் அதில் சொக்கிப்போனாள். எனக்கோ மூன்றாவது முறையே எரிச்சல் வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில், கதையை அறிவித்து நடத்தும் கோமாளியான கட்டியக்காரன் விடியவிடிய நம்மிடம்தான் பேசுகிறான். அங்கே ஒருநாளும் எனக்கு இப்படித் தோன்றியதில்லை. ஏன் இந்த வேறுபாடு?

பதில் – ஆரணி வாசகர்:
மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே ஒரு பெருஞ்சுவர் இருப்பதாக எண்ணிக்கொண்டு நடிக்க வேண்டும் என்று பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ 1758இல் எழுதினார். அந்தச் சுவருக்குப் பழகிய கண்ணுக்குத்தான் அது உடைவது அதிர்ச்சியாகிறது. அந்த அதிர்ச்சியே உங்கள் மகளுக்கு இன்பமாகவும் இருக்கிறது. கூத்தில் சுவரே எழுப்பப்படவில்லை. வேஷம் கட்டியவர், இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாடிக்கொண்டே வந்து, தான் இன்னார் என்று சபைக்குச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார். 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் ஆட்டத்தைப் பார்த்த ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டும், சீன நடிகர் அப்படியொரு சுவர் இருப்பதாகப் பாவிப்பதில்லை என்றே எழுதினார்.

பதில் – காட்பாடி வாசகர்:
ஆரணி ஐயா சொன்னது பாதி விடைதான். சுவர் இல்லாததால் மட்டும் சுவை வந்துவிடாது. கட்டியக்காரனின் நகைச்சுவை எடுபடாமல் கூட்டம் டீக்கடைப் பக்கம் நகர்ந்த இரவுகளையும் நான் பார்த்திருக்கிறேன். துகில் உரியும் இரவை நினைத்துப் பாருங்கள். சேலையில் கை வைக்கும் முன் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்தி, அம்மன் முன் கற்பூரம் ஏற்றி, 'இது வேஷம், தாயே, என்னைப் பொறுத்துக்கொள்' என்று கும்பிடுகிறார். முகத்து அரிதாரம் வியர்வையில் வழிகிறது, முன்வரிசைப் பெண்களும் கைகூப்புகிறார்கள். பிரெக்ட் நாடியது, பார்ப்பவர் உணர்ச்சியில் மூழ்கிவிடாமல் விலகி நின்று சிந்திப்பது. இங்கே நடிகர் பாத்திரத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. ஆகவே அவர் எதற்காக வெளியே வருகிறார் என்பதே கேள்வி. உங்கள் தொடரின் நாயகன், காட்சியிலேயே நமக்குப் புரிந்துவிட்டதை மறுபடி சொல்ல வருகிறான் போலும்.

பதில் – வாலாஜா வாசகர்:
ஒன்று விடுபட்டுவிட்டது. பாலாற்றில் தண்ணீர் இல்லாததைக் கட்டியக்காரன் கிண்டலடித்தால், கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் எதிர்க்குரல் கொடுப்பார். அவனும் நின்று அதற்குப் பதில் சொல்லிவிட்டே கதைக்குத் திரும்புவான். கேமராவைப் பார்த்துப் பேசுபவனுக்கு நம் குரல் கேட்காது. கேட்பதுபோல் ஓர் இமைப்பொழுது பார்த்துவிட்டு அவன் பேசாமல் திரும்பிக்கொண்டால் நாமும் அவனுடைய கூட்டாளி ஆகிவிடுகிறோம். விளக்கம் சொல்லத் தொடங்கினாலோ மாணவராகிவிடுகிறோம்.

குடியாத்தம் வாசகர்:
மூவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னது சரிதான், என் எரிச்சல் அந்த விளக்கவுரைமீதுதான். அடுத்த துகில் உரியும் இரவுக்கு மகளையும் அழைத்துப் போகிறேன். நடுச்சாமத்துக்கு முன்பே அவள் தூங்கிவிடாவிட்டால் இங்கே வந்து எழுதுகிறேன்.