பெங்களூரு அபார்ட்மெண்டில் அசோகம், சந்தனம், செம்மரம் வைக்கலாமா?

ஓசூர்ரோடு_வாசி:
எங்கள் அபார்ட்மெண்டில் கிழக்குப் பக்கம் காம்பவுண்டை ஒட்டி நீளமாக ஒரு காலி இடம் இருக்கிறது, கடைசியில் மழைநீர் வந்து சேரும் நிழலான மூலையும் உண்டு. மழைக்கு முன் மரம் வைக்க வேண்டும் என்று அசோசியேஷனில் பேச்சு. எல்லாருக்கும் ரோஸ் கலரில் பூக்கும் டபேபியாதான் வேண்டுமாம். ஊர் முழுக்க அதுதானே இருக்கிறது, நாம் அருகி வரும் நம் மரங்களை வைப்போம் என்று சொல்லியிருக்கிறேன். சந்தனம், செம்மரம், அசோகம் என்று மனதில் இருக்கிறது. சந்தனம் வைக்க அரசாங்க அனுமதி வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேங்கைமரம்:
நல்ல எண்ணம், கைவிடாதீர்கள். ஆனால் அருகி வரும் மரம் எல்லாமே எல்லா இடத்துக்கும் ஆகாது. செம்மரத்துக்குச் சொந்த ஊர் ஆந்திராவின் சேஷாசலம், கடப்பா பக்கத்து வறண்ட பாறை மலைகள், அந்தப் பகுதிக்கு வெளியே அது தானாகக் காட்டில் வளர்வது அரிது. அந்த மலையில் வெட்டுவதை நிறுத்தினால்தான் அது பிழைக்கும். தண்ணீர் தேங்கும் உங்கள் மண்ணில் ஒன்றிரண்டு வைப்பதால் அதற்கும் லாபமில்லை, உங்களுக்கும் நிழல் கிடைக்காது.

அந்த நிழல் மூலைக்கு அசோகம்தான் சரி. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கரை ஈரத்தில் வளர்கிற மரம், மருந்துக்காகப் பட்டையை உரித்து உரித்தே காட்டில் குறைந்துபோனது. அதிக உயரம் போகாது, பிப்ரவரி, மார்ச் வாக்கில் தண்டிலேயே கொத்துக் கொத்தாக ஆரஞ்சுப் பூ வைக்கும், இளந்தளிர் செம்பு நிறத்தில் தொங்கும். டபேபியா கேட்பவர்களுக்கு இந்தப் பூவின் படத்தைக் காட்டுங்கள். ஒன்று கவனம்: நர்சரியில் அசோகா என்று ஒல்லியாக ஊசிபோல நிற்கும் நெட்டிலிங்கத்தைத் தந்துவிடுவார்கள். அதில் ஒரு காம்பில் ஒரே இலை, ஓரம் அலை அலையாக இருக்கும். உண்மையான அசோகத்தில் ஒரு காம்பில் பல சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும், பார்த்து வாங்குங்கள்.

மல்லேஸ்வரம்_அக்கா:
சந்தனம் பற்றி. வளர்க்க அனுமதி தேவையில்லை தம்பி. கர்நாடகாவில் 2001-இல் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்காரருக்கே மரம் சொந்தம் என்று ஆக்கிவிட்டார்கள். வெட்டி விற்கத்தான் வனத்துறையிடம் போக வேண்டும். பிரச்சினை அதுவல்ல, திருட்டு. இந்த ஊரில் காவல் போட்ட வளாகங்களிலேயே ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தவிர சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டிக்கொண்டு சத்து எடுக்கும் மரம், கன்றிலேயே கூடத் துவரை மாதிரி ஏதாவது வைக்க வேண்டும். செக்யூரிட்டி சரியில்லாத இடத்தில் வேண்டாம்.

ஏரிக்கரை_நடை:
காம்பவுண்டு ஓரத்துக்குப் புங்கம், மகிழம் வையுங்கள். இவை அருகிவிட்டவை அல்ல, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கோடையில் புங்க நிழலில் நின்று பார்த்தவர்கள் அடுத்த வருஷம் மரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வெயில் ஏறும் நேரத்தில் சரியாகத் துளிர்த்துவிடும், பூக்கும்போது தேனீ மொய்க்கும், வேர்முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும், உதிர்ந்த பூ தொட்டிச் செடிக்கு உரம். இலையில் கொப்புளம் கொப்புளமாக வரும், அது ஒருவகைச் சிலந்திப்பேன் வேலை, மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்துவிட்டு மருந்தடிக்கச் சொல்பவர்களை மட்டும் தடுத்துவிடுங்கள், தேனீதான் சாகும். இலுப்பை, ஆல், அத்தி எல்லாம் எனக்கு உயிர், ஆனால் அவை ஏரிக்கரைக்கும் பூங்காவுக்கும்தான், சுவரை ஒட்டி வைத்தால் பத்து இருபது வருஷத்தில் நாமே வெட்டச் சொல்வோம்.

ஓசூர்ரோடு_வாசி:
ரொம்ப நன்றி. அப்போது மூலையில் அசோகம், ஓரத்தில் புங்கமும் மகிழமும், செம்மரத்தையும் சந்தனத்தையும் விட்டுவிடுகிறேன். அசோகத்தை விதையிலிருந்தே வளர்க்கலாமா?

வேங்கைமரம்:
வளர்க்கலாம், ஆனால் விதை காய்ந்தால் முளைக்காது, விழுந்த சில நாளிலேயே ஊன்றிவிட வேண்டும். காட்டிலிருந்து எடுக்காதீர்கள், தோட்டத்து மரத்தடியில் பொறுக்கினால் போதும். ஒரே மரத்து விதையாக இல்லாமல் இரண்டு மூன்று இடத்திலிருந்து சேர்த்தால் இன்னும் நல்லது. இந்த ஜூனுக்கே வேண்டும் என்றால் வனத்துறை நாற்றங்காலில் கேட்டுப் பாருங்கள், குறைந்த விலைக்குக் கன்று தருவார்கள். அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்காவது சிமெண்ட் பூசாமல் விடச் சொல்லி இப்போதே அசோசியேஷன் மினிட்ஸில் எழுதி வாங்கிவிடுங்கள்.