பச்சையாக மினுங்கும் ஈ: சிலந்தியின் வயிற்றில் வளர்வது இதுதானா?

புல்வெளி_நடை:
இரண்டு படம் போட்டிருக்கிறேன். முதலாவது கலிபோர்னியா ரெட்வுட் காட்டுப் பாதையில் எடுத்தது. பூவுக்குள் தலையை நுழைத்திருக்கிறது, முதுகு கூன், உடம்பு முழுக்கப் பச்சை உலோக மினுக்கு, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். இரண்டாவது இங்கே சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் பக்கம், வெட்டுக்காயப் பூண்டின் பூவில். அதுவும் பச்சைதான். இரண்டும் ஒரே குடும்பமா? சிலந்திக்குள் வளரும் ஈ என்கிறார்களே, அது எது? இன்னொன்று: டப்பாவில் வைத்த தாவும் சிலந்தி வெறும் தோலாகிப் போய், பக்கத்தில் வெள்ளைப் புழு கிடந்தால் அதுவும் இந்த ஈயின் வேலையா?

கூனன்_ஈ:
முதல் படம் யூலோன்கஸ். அக்ரோசெரிடே குடும்பம், சிலந்தி ஈ என்பார்கள். இரண்டாவது அதற்குத் தொடர்பே இல்லாதது. நிறத்தை வைத்து ஈயை அடையாளம் காணப் புறப்பட்டால் கடைசிவரை ஏமாற வேண்டியதுதான். பச்சை மினுக்கு பத்துக் குடும்பங்களில் உண்டு. முதலில் உருவத்தைப் பாருங்கள்.

தலை உடம்புக்குப் பொருந்தாத அளவு சின்னது, அதிலும் முக்கால்வாசி கண்தான். மார்பு மேலே எழும்பிக் கூனாக நிற்கும், தலை அதற்குக் கீழே தொங்கும். வயிறு காற்றடைத்த பை மாதிரி. இறக்கையின் அடியில் காலிப்டர் என்ற மடல் இருக்கிறதே, அது இந்தக் குடும்பத்தில் பெரிய கிண்ணம்போல் வளர்ந்து, பின்னால் உள்ள சமநிலை உறுப்பை முழுக்க மூடிவிடும். காலின் நுனியில் இரண்டு நகத்துக்கு நடுவே மூன்று மெத்தைகள். மெல்லிய மயிர் உண்டு, தடித்த முள்மயிர் கிடையாது.

கடைசி அடையாளம் உங்கள் இரண்டாவது படத்துக்கு உடனே தீர்ப்புச் சொல்கிறது. அந்த ஈயின் முதுகில் கறுப்பு முள்மயிர்கள் வரிசையாய் நிற்கின்றன, கண் செம்பழுப்பு. அது ஈரச்சந்தை மீன்கடைப் பக்கம் சுற்றும் கிரைசோமையா வகை. பூந்தேனுக்கும் வரும். கண்ணில் கோடு கோடாக இருந்து, முகம் மூக்குப்போல் முன்னே துருத்தியிருந்தால் ஸ்டோமோரைனாவைச் சந்தேகப்படலாம், அதுவும் பூவுக்கு வரும். இலைமேல் நீண்ட காலோடு விறுவிறுவென ஓடும் பொடிப் பச்சை ஈக்கள் டோலிகோபோடிடே, அவை வேட்டை ஈக்கள். இறக்கை இரண்டு ஜோடி இருந்தால் அது ஈயே இல்லை, குயில் குளவி.

யூலோன்கஸிலேயே நிச்சயப்படுத்த ஒரு வழி: பக்கவாட்டில் எடுத்த படம். அதன் உறிஞ்சுகுழல் ஏறக்குறைய உடம்பு நீளம் இருக்கும். பூவில் இல்லாதபோது அதைப் பின்னோக்கி மடித்து, கால்களுக்கு நடுவே வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். பாம்பிலிடே ஈக்களுக்கும் குழல் நீளம்தான், ஆனால் அவற்றில் பலவற்றுக்கு அது ஈட்டி மாதிரி முன்னே நீட்டியபடியே இருக்கும். மேலிருந்து மட்டும் படம் எடுத்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

யூலோன்கஸ் பேரினத்தில் ஆறு இனங்கள். ஐந்து வட அமெரிக்காவின் மேற்கில். மரியலிசியே என்ற இனம் மட்டும் கிழக்கே தென் அப்பலாச்சியன் மலைகளில், பூச்சியியலாளர் பிரிம்லி 1925-ல் பெயரிட்டது. மற்ற இனப் பெயர்களில் ஸ்மராக்டினஸ் என்றால் மரகதம், நம் 'மரகதம்' என்ற சொல்லும் அதற்கு உறவுதான். சபைரினஸ் என்றால் நீலக்கல். பெயர் அழகு, ஆனால் பெயரில் உள்ள கல்லின் நிறத்தைப் பார்த்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். வெளிச்சம் விழும் கோணம் மாறினால் பச்சை நீலமாகும்.

எட்டுக்கால்_தோழி:
கூனன்_ஈ உருவத்தைச் சொல்லிவிட்டார், வாழ்க்கையை நான் சொல்கிறேன். மினுக்கும் ஈ அந்தப் பூச்சியின் வாழ்வில் கடைசிச் சின்னத் துண்டுதான், பெரும்பகுதி சிலந்திக்குள்.

தாய் ஈ சிலந்தியைத் தேடிப் போவதில்லை. முட்டைகளை நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரக்கணக்கில், இட்டுவிட்டுப் போய்விடும். வெளிவரும் முதல் பருவப் புழுவுக்கு பிளானிடியம் என்று பெயர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அளவுப்புழு மாதிரி வளைந்து வளைந்து நடக்கும், பின்முனையில் எழுந்து நின்று குதிக்கவும் செய்யும். சிலந்தியைத் தொட்டுவிட்டால் காலில் ஏறி, மூட்டின் மெல்லிய சவ்வைத் துளைத்து உள்ளே போகும். பெரும்பாலானவற்றுக்குச் சிலந்தி கிடைப்பதே இல்லை. அத்தனை முட்டை இடுவது அதற்காகத்தான்.

உள்ளே போனதும் நேராகப் புத்தக நுரையீரலை, அதாவது புத்தகத் தாள்போல் அடுக்கடுக்காக இருக்கும் சிலந்தியின் சுவாச உறுப்பைப் பிடிக்கும். பின்முனைச் சுவாசத்துளையை அதில் பொருத்தி, சிலந்தி இழுக்கும் காற்றிலேயே மூச்சு விடும். பிறகு காத்திருக்கும். மண் வளையில் வாழும் பெரிய சிலந்திகள் முதிர்ச்சியடையப் பல ஆண்டு எடுப்பதால், புழுவும் பல ஆண்டு சும்மா கிடக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் சிலந்திக்கு ஒரு குறையும் தெரியாது. கடைசிப் பருவத்தில்தான் அசுர வேகத்தில் உள்ளுறுப்புகளைத் தின்று, வயிற்றைக் கிழித்து வெளியே வந்து கூட்டுப்புழுவாகும். மரியலிசியே அப்படி வளர்வது ஆன்ட்ரோடையட்டஸ் யூனிகலர் என்ற வளைச் சிலந்திக்குள்.

யூலோன்கஸ் உள்ள துணைக்குடும்பம் பனோபினே, அதன் ஓம்புயிர், அதாவது புழு உள்ளே வளரும் சிலந்தி, டாரண்டுலா என்ற பெரிய மயிர்ச் சிலந்தியும் அதன் உறவுகளும். 1924-ல் பெயரிடப்பட்ட நீல டாரண்டுலா உட்பட அந்தக் கூட்டம் சிங்கப்பூர்க் காட்டிலும் உண்டு. அதற்காக இங்கே யூலோன்கஸைத் தேடாதீர்கள், கிடைக்காது. தாவும் சிலந்தி, ஓநாய்ச் சிலந்தி போன்றவற்றைப் பிடிப்பது ஆக்கோடெஸ் பேரினம், உலகம் முழுக்கப் பரவியது. அதில் மினுக்கே இல்லை: பழுப்பும் கறுப்பும், வயிற்றில் வெளிர்ப் பட்டை. வாயுறுப்பு தேய்ந்துபோனதால் பூவுக்கும் வராது. காய்ந்த குச்சி நுனியில் மிளகுப்பொடி ஒட்டியதுபோல் கறுப்பு முட்டைகள் நெருக்கமாய் நின்றால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்_குப்பி:
டப்பாக் கேள்விக்கு வருகிறேன். வெள்ளைப் புழு என்பதால் மட்டும் எதுவும் சொல்ல முடியாது. கூட்டுப்புழு ஆகும்வரை விடுங்கள், அதன் வடிவம் சொல்லிவிடும்.

அக்ரோசெரிடே என்றால் கூட்டுப்புழு மூடாமல் கிடக்கும். தலை, கூன் முதுகு, மடித்த கால் எல்லாம் வெளியே தெரியும். பட்டுக் கூடு கட்டியிருந்தால் குளவி. அரிசி மாதிரி பழுப்பாக, கெட்டியான உருளை என்றால் வேறு ஈ. நூல்போல் நீண்டு நெளிந்தால் உருளைப்புழு.

பாதுகாக்க 50 மில்லி குப்பி போதும். அடியில் லேசாக ஈரமாக்கிய டிஷ்யூ. நீர் திரண்டு நின்றால் பூஞ்சை பிடிக்கும், முழுக்கக் காய்ந்தால் கூட்டுப்புழு சுருங்கும். வாயில் மெல்லிய துணி, உள்ளே சொரசொரப்பான ஒரு குச்சி. குச்சி இல்லாவிட்டால் ஈ ஏறி நிற்க இடமின்றி இறக்கை மடங்கியே காய்ந்துவிடும். ஏர்கான் காற்று நேரே படும் இடம் வேண்டாம். செத்த சிலந்தியைத் தூக்கிப் போடாதீர்கள், எந்தச் சிலந்தியிலிருந்து வந்தது என்பதுதான் பதிவிலேயே மதிப்புள்ள தகவல். உருவம் பார்க்க 70 சதவீத ஆல்கஹால், டிஎன்ஏ எடுக்க 95. ஊசியில் குத்தி உலர்த்தினால் பை மாதிரியான வயிறு சப்பையாகிவிடும், அதனால் உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள்.

பூங்காவிலோ காப்பகத்திலோ அனுமதியின்றி எதையும் பிடிக்கக் கூடாது என்பதும் ஞாபகமிருக்கட்டும். தீப்பெட்டியில் சண்டைச் சிலந்தி வைத்த காலம் போய்விட்டது.

புல்வெளி_நடை:
இன்று பார்த்தேன். பழுப்பு உருளைகள், நான்கு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்.

கண்ணாடிக்_குப்பி:
அப்படியானால் அநேகமாக ஃபோரிடே என்ற பொடி ஈக் குடும்பம். பெரும்பாலும் செத்த பிறகு வந்த பிணந்தின்னி ஈ. நம் ஊர் வெக்கையில் ஒரே நாளில் மோப்பம் பிடித்து, மூடியின் காற்றுத்துளை வழியே நுழைந்துவிடும். அக்ரோசெரிடே என்றால் பெரும்பாலும் ஒரு சிலந்திக்கு ஒரு புழுதான், அளவும் சிலந்தியின் வயிற்றை நிறைக்கும். அடுத்த முறை துளைக்குப் பதிலாக நெருக்கமாய் நெய்த துணியைக் கட்டுங்கள்.