1945 சென்னை: ஒரு படி அரிசி என்ன விலை?

வணக்கம். 1945-இல் சென்னையில் நடப்பதாக ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உலகப்போர் முடிந்த செய்தி, நடிகர் தியாகராஜ பாகவதர் சிக்கிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட அவருடைய ‘ஹரிதாஸ்’ படம் எல்லாம் எளிதாகக் கிடைத்துவிட்டன. திண்டாட்டம் வீட்டுச் செலவில்தான். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. சரி, ரேஷனில் ஒரு படி அரிசி எத்தனை அணா? கள்ளச்சந்தையில் எவ்வளவு? சினிமாவுக்குத் தரை டிக்கெட்? பத்திரிகைகளில் போர்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது. புளி விலையை யார் போட்டார்கள்!

தாத்தா, பாட்டி எழுதிய கணக்கு நோட்டு, பழைய ரேஷன் கார்டு யாரிடமாவது இருந்தால் படம் பிடித்துப் போடுங்கள். பெயர், முகவரியை மறைத்துவிடுங்கள். அப்புறம், ஊரும் வருடமும் கட்டாயம் வேண்டும். மதுரை விலையைச் சென்னைக்குப் போட்டால் பெரியவர்கள் பிடித்துவிடுவார்கள்.