சியாம் ரயில் பாதைக்குப் போன ஒருவரைத் தேடுகிறேன்: சிங்கப்பூர், 1943

போன மாதம் காலமான என் அப்பத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு கடிதம் கிடைத்தது. ஜப்பானியர் அச்சடித்த பத்து டாலர் வாழை மர நோட்டில் சுற்றி வைத்திருந்தார். தேதி ‘ஆனி, 2603’. தமிழ் மாதமும் ஜப்பானிய ஆண்டும், அதாவது 1943. கையொப்பம் ‘ம’ என்ற ஒற்றை எழுத்து. ‘நான் ஒளிந்திருக்கும் இடத்தை உன் அண்ணனிடம் மட்டும் சொல்லாதே’ என்ற வரியில் மை ஊறிப் பரவியிருக்கிறது.

அப்பத்தா சொல்லிவிட்டார் என்றே நினைக்கிறேன். அண்ணன்தானே! அந்த மாதமே அண்ணன் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வந்ததாம். மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்த ஊரில் அரிசி சும்மா வராது. அப்பத்தாவோ, நேதாஜி வந்ததும் ‘ம’ படையில் சேர்ந்துவிட்டான் என்று சாகும்வரை சாதித்தார். ஜப்பானிய ராணுவப் போலீஸ் பிடித்து, சியாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதை வேலைக்கு அனுப்பியது என்கிறார் சின்னப் பாட்டி.

‘ம’ சிராங்கூன் சாலை அச்சுக்கூடம் ஒன்றில் எழுத்துக் கோத்தவர், தஞ்சாவூர்ப் பக்கம். இந்திய தேசிய ராணுவம் பற்றிக் கிடைத்த பட்டியல்களில் தேடினேன். சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகளையும் கேட்டேன். அந்தப் பாதையோரம் தாய்லாந்தில் இருக்கும் காஞ்சனபுரி கல்லறைப் பதிவேட்டில் போர்க்கைதிகள்தான் இருக்கிறார்கள், நம் கூலித் தொழிலாளர்கள் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து அந்தப் பாதைக்கு அனுப்பப்பட்ட தமிழர்களின் பெயர்ப் பட்டியல் எங்கேனும் இருக்கிறதா?